பறப்பவனின் எடை

சித்திரக்கதைகளில் பிறந்த சூப்பர்ஹீரோக்கள் திரைக்கு வரும்போது மெய்யுலகின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டுமா, கற்பனையின் விதிகளுக்கே உரியவர்களாக இருக்கலாமா என்னும் விவாதம் பெரும்பாலும் கதையை மட்டுமே வைத்து நடத்தப்படுகிறது. நாயகனின் ஆற்றலுக்கு அறிவியல் விளக்கம் தரப்பட்டால் அது யதார்த்தப் படம் என்றும், விளக்கம் இல்லாவிட்டால் மிகைப் படம் என்றும், கறுப்பு உடையும் மழை பெய்யும் இரவும் பெரியவர்களுக்குரியவை, பளிச்சென்ற நீலமும் சிவப்பும் சிறுவர்களுக்குரியவை என்றும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இப்படங்களின் காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒரு நொடிக்கு 24 வீதம் ஓடும் நிலைப்படங்களாகப் பிரித்து, அவற்றில் தெரியக்கூடாதவற்றைத் துடைத்தெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தப் பிரிவினை அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அவர்கள் மேசையில் அதே கேள்வி வேறு வடிவில் வருகிறது: திரையில் இருக்கும் அந்த உடலுக்கு எடை இருக்கிறதா, அந்த எடையை எது தாங்குகிறது?

இக்கட்டுரையாளர் சென்னையில் பதினான்கு ஆண்டுகள் செய்துவந்த வேலைக்குத் தொழில் வழக்கில் வயர் ரிமூவல் என்று பெயர். கம்பி நீக்கம் என்று தமிழில் சொல்லலாம். வெளிநாட்டுப் படங்கள், தமிழ்ப் படங்கள் இரண்டிலும் பறக்கிறவர்களையும் தாவுகிறவர்களையும் தூக்கி எறியப்படுகிறவர்களையும் தாங்கிநிற்கும் எஃகுக் கம்பிகளைப் படத்திலிருந்து அழிப்பதே அந்த வேலை. கடைநிலைப் பணியாகக் கருதப்படுவதாலும், வெற்றி பெற்றால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் இயல்பினதாலும், இத்தொழிலைப் பற்றிய எழுத்து மிகக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் ஒரு சூப்பர்ஹீரோ எந்த இடத்தில் நம்பத்தக்கவனாகிறான், எந்த இடத்தில் பொம்மையாகிவிடுகிறான் என்பதை மிக அருகிலிருந்து பார்க்கக் கிடைத்த இருக்கைகளுள் அது ஒன்று.

நடிகரின் உடைக்குள் ஹார்னஸ் எனப்படும் வார்க்கச்சை இடுப்பையும் தொடைகளையும் சுற்றி இறுக்கிக் கட்டப்படும். இடுப்பெலும்பின் இருபுறமும் உள்ள கொக்கிகளில் கம்பிகள் மாட்டப்பட்டு, மேலே கிரேன் வழியாகச் சென்று, மறுமுனையில் ஸ்டன்ட் கலைஞர்களின் கைகளிலோ மோட்டாரிலோ முடியும். தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் இதற்கு ரோப் கட்டுவது என்று பெயர். கம்பியே ஆனாலும் ரோப் என்றே சொல்வார்கள். இவ்வாறு எடுக்கப்பட்ட காட்சித்துண்டுக்குப் பிளேட் என்றும், அதே கேமரா நகர்வில் நடிகர் இல்லாமல் எடுக்கப்பட்ட வெற்றுக் காட்சிக்குக் கிளீன் பிளேட் என்றும் பெயர். கம்பி ஓடும் இடத்தில் கிளீன் பிளேட்டிலிருந்து வானத்தையோ சுவரையோ எடுத்து ஒட்டி, அந்த ஒட்டு கேமராவோடு சேர்ந்து நகரும்படி கட்டி, கடைசியில் கிரெயின் எனப்படும் பட நுண்துகள் அமைப்பையும் சுற்றுப்புறத்துக்கு ஒத்தவாறு மீண்டும் தூவினால் கம்பி போய்விடும். நீலவானத்தின் முன்னால் தொங்கும் கம்பியைப் புதிதாகச் சேர்ந்தவர்களே அரை நாளில் அழித்துவிடுவார்கள். கம்பி நடிகரின் கூந்தலைக் கடக்கும் இடமும், கண்ணாடிச் சுவரில் அதன் பிரதிபலிப்பு விழும் இடமும், வெயிலில் அதன் நிழல் நடிகரின் தோளில் ஊர்ந்து செல்லும் இடமுமே நாட்களை விழுங்கும். ஐந்து நொடிக் காட்சி என்றால் 120 ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முடியிழையையும் தனியே வரைந்து பிரிக்கும் வேலைக்கு ரோட்டோ என்று பெயர்.

கம்பியை முழுவதுமாக அழித்த பிறகும், கம்பி அந்த உடலில் செய்துவைத்தது அப்படியே இருக்கும். இத்தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் முதல் ஆண்டிலேயே எதிர்கொள்ளும் உண்மை இது. இடுப்பில் தாங்கப்பட்ட உடல் இடுப்பை அச்சாகக் கொண்டே சுழலும். மார்பில் காற்றை வாங்கிப் பறப்பதாகச் சொல்லப்படும் மனிதன், தராசுத் தண்டுபோல நடுவில் மாட்டப்பட்டுத் தலையும் காலும் மாறிமாறி ஆடுவான். கால்களை நேராக நீட்டிவைக்க முதுகுத் தசை இறுக வேண்டியிருப்பதால் சில நொடிகளில் தொடைகள் தாழத் தொடங்கும். தாழ்வதை உணர்ந்து நடிகர் திருத்திக்கொள்ளும் அந்தச் சிறு உதறல் படத்தில் பதிவாகும். கழுத்து நரம்பு புடைக்கும். கச்சை இழுத்த இடத்தில் உடையில் விழும் மடிப்புகள் எல்லாம் இடுப்பை நோக்கியே குவியும்; துணியின் மடிப்பைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அது கம்பியைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். பார்வையாளர்களுக்கு இவற்றுள் எதுவும் தனித்தனியே தெரிவதில்லை. ஆனாலும் யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று அவர்கள் உடல் உணர்ந்துகொள்கிறது. வாழ்நாள் முழுவதும் எடையைச் சுமந்தே நடந்தவர்கள் அவர்கள். அந்தத் தேர்ச்சியை ஏமாற்றுவது கடினம்.

காகிதத்தில் இச்சிக்கல் கிடையாது. சித்திரக்கதையின் ஒரு கட்டத்தில் வரையப்பட்ட உடல் காலத்துக்கு வெளியே நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை வாசகரே கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளியில் நிகழ்த்திக்கொள்கிறார். ஓவியர் மிக உயர்ந்த கணத்தை மட்டும் தேர்ந்து வரைகிறார். தரையிலிருந்து கால் பிரிந்த விதம், மீண்டும் தரை தொட்ட விதம் ஆகியவற்றை அவர் வரைய வேண்டியதில்லை. திரைப்படத்திற்கு அந்த இடைவெளி மறுக்கப்பட்டிருக்கிறது. சித்திரக்கதையைத் திரைக்குக் கொண்டுவருவது என்பது கதையை மாற்றி எழுதுவதைவிட, அந்த வெள்ளை இடைவெளிகளை ஃபிரேம்களால் நிரப்புவதே ஆகும். யதார்த்தம், கற்பனை என்னும் பிணக்கு முழுவதும் அந்த நிரப்புதலில்தான் பிறக்கிறது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் படைப்பாளிகளேதான். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய சூப்பர்மேன் 1938-இல் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழில் தோன்றியபோது, அவனுடைய வலிமைக்கு அறிவியல் விளக்கம் என்ற பெயரில் தன் எடையைப்போல் பல மடங்கு சுமக்கும் எறும்பும், தன் அளவுக்குப் பொருந்தாத தொலைவு தாவும் வெட்டுக்கிளியும் சான்றுகளாகக் காட்டப்பட்டன. அந்தச் சூப்பர்மேன் பறக்கவும் இல்லை. எட்டில் ஒரு மைல், ஏறத்தாழ 200 மீட்டர், தாவினான். தாவுகிறவன் தரையை உதைக்க வேண்டும், பிறகு விழுந்தாக வேண்டும். அவன் எடைக்குக் கணக்கு இருந்தது. பிற்பாடு பறக்கத் தொடங்கியபோதுதான் அக்கணக்கு கைவிடப்பட்டது. இந்த நாயகர்களுக்கு விளக்கம் சொல்லும் வழக்கத்தைப் பிற்காலத் திரைப்பட இயக்குநர்கள் கொண்டுவந்து சேர்த்ததாகக் கருதுவது சரியல்ல. அது முதல் இதழிலேயே இருக்கிறது.

பறப்பவனைப் படமெடுக்க முனைந்தவர்கள் நெடுங்காலம் எடைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அந்த இடத்தைத் தாண்டிச் செல்லவே வழி தேடினார்கள். 1948-ஆம் ஆண்டின் தொடர்படத்தில் நாயகன் புறப்படும் கணத்தில் நடிகர் கிர்க் அலின் மறைந்து அவருக்குப் பதில் வரைந்த கார்ட்டூன் உருவம் பறந்தது. 1950-களின் தொலைக்காட்சித் தொடரில் ஜார்ஜ் ரீவ்ஸ் ஸ்பிரிங் பலகையை உதைத்துக் கேமராவைத் தாண்டித் தாவினார். தாவி முடித்த பிறகு என்ன ஆனது என்பது அடுத்த ஷாட்டுக்கு விடப்பட்டது. இரண்டுள் இரண்டாவதே இன்றும் பார்க்கத் தகுந்ததாக இருக்கிறது. அந்த உதை உண்மையான உதை என்பதே காரணம்.

1978-இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்திற்கு வரும்போது நின்று பேச வேண்டியிருக்கிறது. இயக்குநர் ரிச்சர்ட் டானர் அப்படப்பிடிப்பு முழுவதற்கும் ஒரே சொல்லை வழிகாட்டியாக வைத்திருந்தார். மெய்யைப்போலவே தோன்றுதல் என்பது அச்சொல்லின் பொருள். மெய்யாக இருத்தல் வேறு, மெய்போல் தோன்றுதல் வேறு; இரண்டாவதில் கற்பனைக்கு முழு இடம் உண்டு, ஆனால் அந்தக் கற்பனை தன்னைத்தானே நம்ப வேண்டும், தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கக் கூடாது. அந்த நம்பிக்கையைத் தொழில்நுட்பமாக்கியவர்களுள் ஸோரன் பெரிசிக் முக்கியமானவர். அவர் அமைத்த ஸோப்டிக் முறையைப் புரிந்துகொள்ள அதற்கு அடிப்படையான ஃப்ரன்ட் புரொஜெக்ஷன், அதாவது முன்புறமிருந்து படம் வீழ்த்தும் முறையை முதலில் அறிய வேண்டும். கேமராவுக்கு முன்னால் 45 பாகைச் சாய்வில் ஒளியைப் பாதி கடத்திப் பாதி திருப்பும் கண்ணாடி ஒன்று நிறுத்தப்படும். பக்கவாட்டிலுள்ள புரொஜெக்டர் பின்னணிக் காட்சியை அக்கண்ணாடியில் வீழ்த்த, அது திரும்பி நடிகர் மீதும் அவருக்குப் பின்னாலுள்ள திரை மீதும் விழும். அத்திரை, தன்மீது விழும் ஒளியை வந்த வழியிலேயே திருப்பியனுப்பும் நுண்மணிகள் பூசப்பட்டது. ஆகவே கேமராவுக்குத் திரையில் காட்சி பிரகாசமாகத் தெரியும், நடிகரின் உடையில் விழும் காட்சியோ விளக்கொளியில் மங்கி மறைந்துவிடும். புரொஜெக்டரும் கேமராவும் ஒரே கோட்டில் இருப்பதால் நடிகரின் நிழலும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும்.

பெரிசிக் இதில் சேர்த்தது இரண்டு ஸூம் லென்ஸ்கள். ஒன்று புரொஜெக்டரில், ஒன்று கேமராவில், இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. திரையில் விழும் காட்சியைப் புரொஜெக்டர் எவ்வளவு சுருக்குகிறதோ அவ்வளவுக்குக் கேமரா நெருங்கிப் பார்க்கும். ஆகவே படத்தில் பின்னணி அளவு மாறாது, நடுவிலுள்ள நடிகர் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருவார். இருந்த இடத்தைவிட்டு அசையாத மனிதர் தொலைவிலிருந்து பாய்ந்து வருவதாகத் தோன்றும். இந்த ஷாட்டுகளில் கிறிஸ்டோபர் ரீவ் கம்பியில் தொங்கவில்லை. உடலின் வடிவுக்கு ஏற்ப வார்த்த தாங்கியில் படுத்திருக்க, பின்னாலிருந்து நீளும் தண்டு அத்தாங்கியைப் பிடித்திருந்தது. நீலத்திரைக்கு முன் எடுத்த மற்ற ஷாட்டுகளில் நாயகனின் நீல உடையே திரையோடு கரைந்துபோகும் என்பதால், பச்சை கலந்த நீலத்தில் வேறோர் உடை தைத்துப் பிறகு நிறத்தைத் திருத்த வேண்டியிருந்தது. காகிதத்தில் ஒருவர் விருப்பப்படி தேர்ந்த நிறம், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வகத்தில் எவ்வளவு வேலை வைத்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இத்தொழில் செய்தவர்கள்மீது மரியாதை பிறக்கிறது.

பயிற்சிக் காலத்தில் இக்கட்டுரையாளர் அக்காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறார். உருவத்தின் விளிம்பில் கோடு தெரிகிறது. சில இடங்களில் பின்னணியின் ஒளியும் உடலின் ஒளியும் ஒட்டவில்லை. இன்றைய தர ஆய்வில் அவை ஒன்றுகூடத் தேறாது. ஆயினும் ஓடவிட்டால் அம்மனிதன் பறக்கிறான். ரீவ் கிளைடர் எனப்படும் இயந்திரமில்லா விமானம் ஓட்டப் பழகியவர். திசை திரும்புவதற்கு முன் அவர் பார்வை திரும்புகிறது, அடுத்துத் தோள் சாய்கிறது, அதன் பிறகே இடுப்பும் கால்களும் பின்தொடர்கின்றன. தரையிறங்கும்போது கால் தொடுவதற்குச் சற்று முன்னரே முகம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது, நாள்தோறும் படியிறங்கிப் பழகியவரின் முகத்தைப்போல. தண்டு தன்னைத் தாங்குகிறது என்பதை மறந்து, காற்று தாங்குகிறது என்று நம்பிய உடல் அது. எந்த மென்பொருளாலும் அதைப் பின்னால் சேர்க்க முடியாது.

பேட்மேனின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. பாப் கேனும் பில் ஃபிங்கரும் 1939-இல் உருவாக்கிய அந்த நாயகனுக்கு அதிமனித ஆற்றல் எதுவும் கிடையாது என்பதால், அவனை யதார்த்தமாக்குவது எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அவனுடைய ஆற்றல் அவன் உடையில் இருக்கிறது, உடையோ தையல்காரரின் பிரச்சினை. டிம் பர்ட்டனின் 1989-ஆம் ஆண்டுப் படத்திற்காகப் பாப் ரிங்வுட் வடிவமைத்த ரப்பர் உடையில் முகமூடியும் கழுத்தும் தோளும் ஒரே துண்டாக இருந்ததால் மைக்கேல் கீட்டனால் தலையைத் திருப்ப முடியவில்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் முழு உடலும் திரும்ப வேண்டியிருந்தது. அந்த இயலாமை அப்பாத்திரத்திற்குக் கோபுரத்துச் சிலை திரும்புவது போன்ற கனத்தைத் தந்தது. ஆன்டன் ஃபர்ஸ்ட் எழுப்பிய கோதம் நகரின் கருங்கட்டடங்களுக்கு நடுவே அது பொருந்தியும் போயிற்று. கிறிஸ்டோபர் நோலனின் 2008-ஆம் ஆண்டுப் படமான 'தி டார்க் நைட்'டில் லின்டி ஹெமிங் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளால் ஆன உடையை அமைத்து முகமூடியைக் கழுத்திலிருந்து பிரித்தார். தலையைத் திருப்ப வேண்டும் என்று நாயகனே கதைக்குள் கேட்டு வாங்குவதாக வசனமும் அமைக்கப்பட்டது. உடையில் இருந்த குறை தீர்ந்தது. ஆனால் பழைய படத்தில் அந்த உருவம் திரும்பும்போது எழும் அச்சத்தைப் புதிய உடை தரவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. மறுப்போர் பலர் உண்டு.

நோலனின் படங்களில் விளக்கம் ஒரு கொள்கையாகவே கடைப்பிடிக்கப்பட்டது. 2005-இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தின் மேலங்கி மின்சாரம் பாய்ந்தால் விறைத்துச் சிறகாகும் துணி என்று கதை சொல்கிறது. படப்பிடிப்பில் அது பாராசூட் நைலானின் மேல் நுண்ணிழைகளை மின்விசையால் நட்டு ஒளியை விழுங்கும்படி செய்த துணி. விளக்கம் சொல்லிவிட்டால் கணக்குக் கேட்பார்கள். 2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள், அத்தகைய சிறகோடு உயரக் கட்டடத்திலிருந்து குதிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார் என்றும், அது உயிருக்கே ஆபத்து என்றும் கணித்துக் காட்டினார்கள். சூப்பர்மேனிடம் யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் அப்படங்கள் நம்பப்பட்டதற்கு அந்த விளக்கங்கள் காரணமில்லை என்பதே தொழிலாளியின் பார்வை. சிகாகோவின் லாசால் தெருவில் ஒரு முழுச் சரக்கு லாரியை, அடியில் பொருத்திய பிஸ்டன் ஒன்று உதைத்துத் தள்ள, தலைகுப்புறக் கவிழ்த்தார்கள். லாரியின் பின்பகுதி எழும்பி, செங்குத்தாக ஒரு கணம் நின்று, அதன் பிறகே மறுபக்கம் சாய்கிறது. அந்த ஒரு கணத் தயக்கத்தை யாரும் வடிவமைக்கவில்லை, அத்தனை டன் இரும்பு தானாகவே அப்படித்தான் விழும். அதைப் பார்த்துவிட்ட கண், அதே தெருவில் காது முளைத்த முகமூடியோடு ஒருவன் நிற்பதையும் ஏற்றுக்கொள்கிறது.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் 'எக்ஸ்-மென்' படம் சித்திரக்கதையின் மஞ்சளையும் நீலத்தையும் கைவிட்டுக் கறுப்புத் தோலை அணிவித்தது. 2013-இல் சூப்பர்மேனின் சிவப்பு அரைக்கால் சட்டை நீக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டுப் படத்தில் திரும்பி வந்தது. உடையின் நிறத்தால் ஒரு ஷாட் நம்பத்தக்கதாகவோ நம்பத்தகாததாகவோ ஆனதை இத்தனை ஆண்டுகளில் இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

முகம் அப்படியல்ல. 2017-இல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் மறுபடப்பிடிப்பின்போது, வேறொரு படத்திற்காக மீசை வளர்த்திருந்த ஹென்றி காவில் அதை மழிக்க இயலாத நிலையில், மீசையைக் கணினியில் அழித்து மேலுதட்டைப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. வானத்தில் பறப்பவனையும் கண்ணால் நெருப்பு உமிழ்பவனையும் ஏற்றுக்கொண்ட உலகெங்குமுள்ள பார்வையாளர்கள் அந்த மேலுதட்டை ஏற்கவில்லை. கம்பி அழிப்பவர்களுக்கு அச்செய்தி வருத்தம் தந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் எவ்வளவு குறுகிய நேரத்தில் எத்தனை நூறு ஃபிரேம்களில் போராடியிருப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மீசையின் ஒவ்வொரு முடியும் பேசும்போது உதட்டோடு அசையும், உதடு பல்லின்மேல் உருளும், மூக்கடியின் நிழல் ஒவ்வோர் எழுத்துக்கும் மாறும். கற்பனைக்கு எல்லை வகுப்பது இயற்பியல் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடக் கண்டிப்பான எல்லை, பார்ப்பவர்கள் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய மனித முகத்தில் இருக்கிறது.

இக்கட்டுரையாளரின் பணிக்காலத்தில் வந்த ஒரு ஷாட்டை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். படத்தின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. நாயகன் மேலிருந்து இறங்கி ஒரு மொட்டைமாடியில் கால் பதித்து, நடந்து, கதவைத் திறக்க வேண்டும், 143 ஃபிரேம்கள். இரண்டு கம்பிகள், ஒரு கம்பியின் நிழல், தண்ணீர்த் தொட்டியின் மீது விழுந்த பிரதிபலிப்பு ஆகியவை ஒன்பது நாட்களில் அழிக்கப்பட்டன. மேற்பார்வையாளர் ஓடவிட்டுப் பார்த்து, கம்பி இன்னும் இருக்கிறது என்றார். அழித்தவருக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு ஃபிரேமாகத் தேடியும் கம்பி இல்லை. மறுநாள் ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாயகனின் முன்பாதம் தரையைத் தொட்ட பிறகும் ஏழு ஃபிரேம்கள்வரை அவன் முழங்கால் மடங்கவில்லை. மேலே இழுத்துப் பிடித்திருந்தவர்கள் நடிகரின் பாதுகாப்புக்காக எடையை மெல்ல மெல்லவே இறக்கியிருக்கிறார்கள். தரை தொட்டவனின் எடை இன்னும் கிரேனில் இருந்தது. அந்த ஏழு ஃபிரேம்களில் மூன்றை எடுத்துவிட்டு, இடுப்பை இரண்டு பிக்ஸல் அளவுக்குக் கீழே அமுக்கி, பாதத்தடியில் சிறிது புழுதியும், மேலங்கி உடலைவிடத் தாமதமாக வந்து சேரும்படி ஒரு சிறு தொய்வும் சேர்த்தார்கள். ஷாட் ஒப்புதல் பெற்றது. பறந்து வந்ததை யாரும் திருத்தவில்லை. திருத்தப்பட்டதெல்லாம் இறங்கிய இடமே.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன், 2002-இல் சாம் ரைமியின் படத்தில் பறப்பதற்குப் பதில் ஊசலாடியபோது எடையே நடனமாகிற்று. ஊசலின் அடிப்புள்ளியில் இழுவை மிகுந்து உடல் நீள்வதும், உச்சியில் ஒரு கணம் எடையற்றுச் சுருள்வதும் அப்படத்தைத் தாங்கின. ஆனால் இக்கட்டுரையாளரின் எண்ணத்தை முற்றிலும் மாற்றியது 2018-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' என்னும் அனிமேஷன் படம். யதார்த்தத்தின் அடையாளங்களாக இத்தொழில் போற்றிவந்த எல்லாவற்றையும் அது கைவிட்டது. வேகமாக அசையும் பொருள் படத்தில் கலங்கித் தெரியும் மோஷன் பிளர் அதில் பெரும்பாலும் கிடையாது. தொலைவிலுள்ளவை மங்குவதற்குப் பதிலாக, மலிவான அச்சில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் விலகுவதைப்போல் விலகின. கன்னத்தின் நிழல் அச்சுப் புள்ளிகளால் ஆகியிருந்தது. நாயகச் சிறுவன் மைல்ஸ் பல காட்சிகளில் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு நிலை வீதம், அதாவது நொடிக்குப் பன்னிரண்டு நிலைகளில் மட்டுமே அசைகிறான். அவனோடு காட்டில் ஊசலாடும் அனுபவசாலி பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைகிறார். இருவரும் ஒரே ஷாட்டில் இருக்கும்போது சிறுவனின் தடுமாற்றம் அவன் உடலின் தாளத்திலேயே தெரிகிறது. அத்தனை மிகையான, காகிதத்துக்கு அத்தனை உண்மையான அந்தப் படத்தில், மைல்ஸ் கட்டடத்தின் விளிம்பிலிருந்து விழும்போது வயிறு குலுங்குகிறது. கண்ணாடியில் ஒட்டிய அவன் விரல்கள் பிரியும்போது கண்ணாடி உடைகிறது. அவன் எடையும் அச்சமும் அந்த உடைசலில் ஒருங்கே இருக்கின்றன.

தமிழ்த் திரைக்கும் இந்த மரபுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 2008-இல் வந்த 'அயர்ன் மேன்' படத்திற்கு மெய்யான கவச உடைகளைச் செய்தளித்தது ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை. கணினியில் உருவான கவசத்துக்கு எந்த உலோகம் எந்த ஒளியில் எப்படி மின்னும் என்பதைக் காட்டும் அளவுகோலாக அந்த உடைகள் இருந்தன. அதே ஆண்டு வின்ஸ்டன் மறைந்த பிறகு அவருடைய சகாக்கள் தொடங்கிய லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனமே ஷங்கரின் 'எந்திரன்' படத்திற்கு (2010) சிட்டியின் இயந்திர உருவங்களைச் செய்தது. 1992-இன் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் உடை வடிவமைப்பில் பங்கேற்ற மேரி வோக்ட் 'எந்திரன்' உடைகளிலும் பணியாற்றினார். சிட்டி சித்திரக்கதையிலிருந்து வந்தவன் அல்லன். ஆனால் கணினி உருவத்துக்குப் பக்கத்தில் கையால் தொடக்கூடிய ஒன்றை வைத்தாக வேண்டும் என்ற அப்பட்டறையின் பழக்கம் தமிழ்ப் படத்துக்கும் வந்து சேர்ந்தது; அப்பழக்கம் இங்கே வேரூன்றாமல் போனது இழப்பு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

தமிழ் வாசகர்களுக்குச் சித்திரக்கதை என்றவுடன் நினைவுக்கு வரும் உருவம் வேறு. பிரிட்டனின் வேலியன்ட் இதழில் 1962-இல் தொடங்கி, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கையில் உருப்பெற்ற ஒரு தொடரை, 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் உடலில் பாய்ந்தால் அந்த மனிதன் மறைந்துவிடுவான். அவனுடைய இரும்புக் கை மட்டும் மறையாது. கம்பியை அழித்து மனிதனை மிச்சம் வைப்பது இத்தொழில். மாயாவியைப் படமாக்கினாலோ மனிதனை அழித்து இரும்பை மிச்சம் வைக்க வேண்டும். நடிகர் நீல உடையில் நடிப்பார், உடலெங்கும் கிளீன் பிளேட் ஒட்டப்படும், கையுறை மட்டும் ரோட்டோ செய்து காக்கப்படும். இன்றைய நிலையில் இது இரண்டாமாண்டுக் கலைஞரின் வேலை. மணிக்கட்டின் வெட்டுமுனையில் என்ன தெரியும், உள்ளே இருட்டா அல்லது பின்சுவரா என்பதை பிளாஸ்கோவின் நிழல்கள் ஒளித்துவைத்தன, திரை ஒளிக்க முடியாது. அதையும் எப்படியாவது தீர்த்துவிடலாம். மேசைமேல் இருக்கும் தொலைபேசியை அந்தக் கை எடுக்கும்போது, தூக்கிய எடை எங்கே போகிறது என்பதே கடினமான இடம். விரல்களை மட்டும் அசைத்தால் அது நூலில் ஆடும் கையுறை. அங்கே இல்லாத முழங்கை மடங்கி, இல்லாத தோள் சற்றே தாழ்ந்து, அந்தத் தாழ்வு மணிக்கட்டில் ஓரிரு ஃபிரேம் தாமதமாக வந்து சேர்ந்தால், வெற்றுச் சுவருக்கு முன்னால் ஒரு மனிதன் நிற்பது தெரியும்.